எந்த இடத்தில் காத்திருக்கிறது உங்கள் கணினி?



பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வந்த கையோடு நம் அலுவலகத்துக்கு ஒரே விதமான கேள்விகள் வரத் தொடங்கிவிடும். "பையனுக்கு என்ன லேப்டாப் வாங்கலாம்? ஐ5 போதுமா, ஐ7 வேண்டுமா? இப்போது ஏ.ஐ. லேப்டாப் என்கிறார்களே, அது இல்லாவிட்டால் பின்தங்கிவிடுவானா?" இந்த முறை லாஸ்பேட்டையிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் எழுதிய கடிதம் சற்று வேறாக இருந்தது. அவரிடம் 2016-ல் வாங்கிய லேப்டாப் இருக்கிறது. பாரிசில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேசுகிறார், தம் பள்ளி நினைவுகளைத் தமிழில் தட்டச்சு செய்து வருகிறார், யூடியூபில் கச்சேரி கேட்கிறார். "கடையில் காட்டினால், ‘ரொம்பப் பழசும்மா, மாத்திடுங்க’ என்கிறார்கள். மாற்றுவதற்குப் பணம் இருக்கிறது. மாற்றினால் எனக்குக் கூடுதலாக என்ன கிடைக்கும் என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்" என்று எழுதியிருந்தார்.

நியாயமான கேள்வி. இந்தப் பக்கத்தை அவருக்கான பதிலாகவே எழுதுகிறேன். பிள்ளைக்கு லேப்டாப் வாங்கக் காத்திருக்கும் பெற்றோருக்கும் இதில் சேதி உண்டு.

முதலில் ஒன்று. இந்தக் கேள்வியைக் கேட்க நம் ஊருக்குத் தனி உரிமை இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்குப் புதுச்சேரி என்றால் கடற்கரைச் சாலையும் மஞ்சள் சுவர் வீடுகளும்தான். ஆனால் தட்டாஞ்சாவடியும் சேதராப்பட்டும் இந்தியாவுக்குக் கணினி செய்து கொடுத்த இடங்கள். யூனியன் பிரதேசத்துக்கு இருந்த வரிச்சலுகையை நம்பி எச்.சி.எல்., விப்ரோ, ஏசர், ஐ.பி.எம். என்று வரிசையாக நிறுவனங்கள் இங்கே கணினித் தொழிற்சாலை அமைத்தன. 2005-ல் ஐ.பி.எம்.மின் கணினிப் பிரிவை லெனோவா வாங்கியபோது புதுச்சேரி ஆலையும் அதோடு கைமாறியது. அதே 2005-ல்தான் எச்.சி.எல். பத்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு முழுக் கணினியைச் சந்தைக்குக் கொண்டுவந்து பேரளவில் பேசப்பட்டது. வில்லியனூரிலிருந்தும் திருக்கனூரிலிருந்தும் காலை ஷிஃப்டுக்குப் போய் மதர்போர்டு பொருத்திய, திருகு முடுக்கிய, பெட்டி கட்டிய கைகள் நம் வீடுகளில் நிறைய உண்டு. செய்யத் தெரிந்த நாம் வாங்கும் இடத்தில் ஏமாறாமல் இருக்க வேண்டும்.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். வேகமான வன்பொருளால் வீட்டுக் கணினிக்காரருக்குப் பயன் உண்டு. மெய்யாகவே உண்டு. ஆனால் கடைக்காரர் முதலில் சொல்லும் பிராசசர் பெயரிலும் ஜெனரேஷன் எண்ணிலும் அந்தப் பயனைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

ஏன் என்று பார்க்க, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1993-ல் இன்டெல்லின் முதல் பென்டியம் வந்தபோது அதன் வேகம் 60, 66 மெகாஹெர்ட்ஸ். 2004 இறுதியில் பென்டியம் 4 எட்டியது 3.8 கிகாஹெர்ட்ஸ். பதினோரு ஆண்டில் ஐம்பது மடங்குக்கும் மேல். அந்தக் காலத்தில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை கணினி மாற்றியவர்களைக் குறை சொல்ல முடியாது. பழைய பெட்டியில் திணறிய அதே வேலை புதிய பெட்டியில் கண்ணெதிரே ஓடியது. நம் மொழிக்கும் அந்த மாற்றத்தால் ஆதாயம் கிடைத்தது. விண்டோஸ் 98 காலத்தில் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த கட்டுரையை இன்னொரு கணினியில் திறந்தால் புரியாத குறிகளாக வந்து நிற்கும். யூனிகோடு தமிழ் விண்டோஸ் 2000-த்தோடு உள்ளே வந்தது, எக்ஸ்.பி.யோடு வீடுகளுக்குப் பரவியது. அவற்றை ஓட்டப் பழைய பெட்டிகளுக்குத் தெம்பு போதவில்லை. அப்போது பெட்டியை மாற்றியவர்கள், மாற்றியதற்குப் பலனாகத் தமிழைப் பெற்றார்கள்.

ஆனால் 2004 அக்டோபரில் ஒன்று நடந்தது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 கொண்டுவருவதாகச் சொல்லியிருந்த இன்டெல், அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. காரணம் சூடு. அதுவரை சிப்பில் இருக்கும் டிரான்சிஸ்டர்களைச் சிறிதாக்கினால் வேகம் கூடும், மின்சாரச் செலவும் கட்டுக்குள் இருக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் சிறிதாக்கியதும் மின்சாரம் கசியத் தொடங்கியது, சூட்டை வெளியேற்ற வழியில்லாமல் போயிற்று. இன்றைக்கு விலையுயர்ந்த டெஸ்க்டாப் பிராசசர்கள் 6 கிகாஹெர்ட்ஸைத் தொட்டிருக்கின்றன. முந்தைய பதினோரு ஆண்டில் ஐம்பது மடங்கு, பிந்தைய இருபது ஆண்டில் இரண்டு மடங்குகூட இல்லை. கிகாஹெர்ட்ஸில் எண்ணும் ஒவ்வொரு துடிப்பிலும் செய்யும் வேலை கூடியிருக்கிறது, அதனால் இன்றைய 3 கிகாஹெர்ட்ஸும் அன்றைய 3 கிகாஹெர்ட்ஸும் ஒன்றல்ல என்பது உண்மை. ஆனாலும் அந்தப் பாய்ச்சல் காலம் முடிந்துவிட்டது.

வேகத்தைக் கூட்ட முடியாதபோது நிறுவனங்கள் ஒரே சிப்பில் வைக்கும் கோர்களின், அதாவது தனித்தனியே வேலை செய்யும் பகுதிகளின், எண்ணிக்கையைக் கூட்டின. 2006-ல் கோர் 2 டுயோ, பிறகு நாலு கோர், எட்டு கோர். வில்லியனூர் தேரை இழுக்க எத்தனை பேர் வடம் பிடித்தாலும் நல்லதுதான். அந்தத் தேருக்குப் பூமாலை கோக்க ஒருவர் கையில்தான் ஊசி இருக்க முடியும். கணினியிலும் பகிர்ந்து செய்யக்கூடிய வேலை உண்டு, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்ய வேண்டிய வேலையும் உண்டு. ஜீன் அம்தால் என்ற பொறியாளர் 1967-லேயே இதைக் கணக்காகச் சொல்லிவிட்டார்: வேலையில் பாதியைப் பகிர முடியாது என்றால், எத்தனை கோர் சேர்த்தாலும் மொத்த நேரம் பாதிக்குக் கீழே போகாது. கடிதம் தட்டச்சு செய்வது, மின்கட்டணம் கட்டுவது, பென்ஷன் விவரம் பார்ப்பது எல்லாம் பெரும்பாலும் மாலை கோக்கும் வேலைகள். எட்டாவது கோர் அங்கே வெறுமனே உட்கார்ந்திருக்கும்.

அப்படியானால் பழைய லேப்டாப் ஏன் இப்படி இழுக்கிறது? தலைமையாசிரியை அம்மா, நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கணினி திணறும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு பெட்டி திறக்கும். அதில் சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்று தலைப்புகளும் அவற்றோடு சதவீதங்களும் இருக்கும். காமராஜர் சாலைப் பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் நின்றிருந்தபோது, உங்களுடையதைப் போன்ற ஒரு லேப்டாப்பில் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டினார் மெக்கானிக் தம்பி. சி.பி.யு. 7 சதவீதம். டிஸ்க் 100 சதவீதம், சிவந்துபோய் அப்படியே நின்றது. "பாருங்க சார், பிராசசர் சும்மா உக்காந்திருக்கு. டிஸ்க்குதான் இழுக்குது. இதுக்குப் போயி புது லேப்டாப் வாங்கணும்னு வந்திருக்காங்க" என்றார்.

அவர் சொன்னதன் பொருளைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டுக் கணினி பற்றிய பாதி விஷயம் இதில் அடங்கியிருக்கிறது. பழைய லேப்டாப்புகளில் இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க். உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது, அதாவது நொடிக்கு 90 சுற்று. ஒரு ஊசிமுனை அங்குமிங்கும் நகர்ந்து, வேண்டிய தகவல் தனக்குக் கீழே வரும்வரை காத்திருந்து படிக்கிறது. நகரும் நேரம், காத்திருக்கும் நேரம் எல்லாம் சேர்த்தால் சிதறிக் கிடக்கும் சிறுசிறு தகவல்களை நொடிக்கு நூறுகூட அதனால் எடுக்க முடியாது. ஒரு பிரவுசரைத் திறக்கவும் விண்டோஸ் எழுந்து உட்காரவும் இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான துணுக்குகள் வேண்டும். அதற்குப் பதிலாக இப்போது வரும் எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. முழுக்கச் சிப்தான். சாதாரண எஸ்.எஸ்.டி.கூட நொடிக்குப் பல்லாயிரம் துணுக்குகளை எடுத்துத் தரும். இருபது ஆண்டில் பிராசசர் வேகம் இரண்டு மடங்குகூட ஏறவில்லை என்றேன் அல்லவா? இங்கே ஏற்றம் நூற்றுக்கணக்கான மடங்கு. வீட்டுக் கணினிக்குக் கடந்த பதினைந்து ஆண்டில் வந்த மிகப் பெரிய வரம் எஸ்.எஸ்.டி.தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தத் தம்பி பழைய டிஸ்க்கில் இருந்ததை அப்படியே எஸ்.எஸ்.டி.க்கு நகலெடுத்து மாட்டினார். ரேமைக் கழற்றி அதன் பித்தளை நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைத்தார். கடலோர ஊரில் உப்புக்காற்று பட்டு அந்தப் பற்களில் களிம்பு ஏறும். கணினி திடீரென்று உயிரை விட்டது போல நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். 4 ஜி.பி. ரேமோடு இன்னொரு 4 சேர்த்தார். பிறகு விசிறியைத் திறந்தார். விசிறிக்கும் செப்புத் தகட்டுக்கும் நடுவே தூசி பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருந்தது. சிப்பின் மேல் தடவிய பேஸ்ட் காய்ந்து பொருக்குத் தட்டிப்போயிருந்தது. அதைச் சுரண்டி எடுத்துப் புதிதாகத் தடவி மூடினார். நம் ஊர் மே மாதத்தில் இப்படி அடைத்துக்கொண்ட லேப்டாப்பில் எந்த ஜெனரேஷன் பிராசசர் இருந்தாலும், 100 டிகிரியை நெருங்கும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் தூசிக்குள் கிடக்கும்.

ரேமைப் பற்றியும் ஒரு வார்த்தை; அந்தப் பெட்டியில் மெமரி என்று காட்டுவது இதைத்தான். ரேம் நிரம்பிவிட்டால் கணினி மிச்சத்தை டிஸ்க்கில் போட்டு எடுக்கத் தொடங்கும். சுழலும் டிஸ்க்கும் 4 ஜி.பி. ரேமும் சேர்ந்த இடத்தில் எல்லாமே நின்றுபோவது இதனால்தான். இன்றைய இணையப் பக்கங்களுக்கு 8 ஜி.பி. இருந்தால் தாராளம். தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதலில் கொடுத்தவற்றில் 2 ஜி.பி. ரேமும் 320 ஜி.பி. ஹார்ட் டிஸ்க்கும் இருந்தன. இப்போது கல்லூரி மாணவர்களுக்குக் கொடுப்பவற்றில் 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. சேமிப்பின் அளவு குறைந்திருக்கிறது, ஆனால் கணினி எத்தனையோ மடங்கு மேம்பட்டிருக்கிறது. முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. அங்கே பல வீடுகளில் அந்தப் பழைய மடிக்கணினிகள் பரணில் கிடக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு ஒரு எஸ்.எஸ்.டி.யும் ஒரு ரேமும் போட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பாடம் பார்க்க, தட்டச்சுப் பழக இன்னும் உதவும்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் புதிய கணினியே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புதியது எங்கே பயன்படுகிறதோ அங்கே நன்றாகவே பயன்படுகிறது.

வீடியோவை எடுத்துக்கொள்வோம். யூடியூப் தன் படங்களை வி.பி.9, ஏ.வி.1 என்னும் முறைகளில் சுருக்கி அனுப்புகிறது. அதை விரித்துக் காட்டுவதற்கென்றே தனிப்பகுதியைப் புதிய சிப்களுக்குள் வைத்துவிட்டார்கள். வி.பி.9-க்கு இன்டெல்லின் ஏழாம் தலைமுறையிலிருந்தும், ஏ.வி.1-க்குப் பதினோராம் தலைமுறையிலிருந்தும் அது முழுமையாக இருக்கிறது. பழைய சிப் அந்த வேலையைத் தன் பொதுவான கோர்களால் செய்ய வேண்டும், அதனால்தான் கச்சேரி கேட்கும்போது விசிறி இரைகிறது. புதிய கட்டமைப்பு என்பதன் உண்மையான ஆதாயம் இந்த மாதிரி இடங்களில் இருக்கிறது. படத்தின் தரத்தை 1080-லிருந்து 720-க்கு இறக்கிக்கொண்டால் பழையதிலும் சமாளிக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பேட்டரி இன்னொன்று. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் ஊருக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை. மின்சாரம் போனது, கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் வீதிகளில் தண்ணீர் நின்றது. அப்படிப்பட்ட நேரத்தில் இரண்டு மணி நேரத்தில் அணைந்துவிடும் பழைய லேப்டாப்புக்கும் பகல் முழுக்கத் தாங்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. 2020 நவம்பரில் ஆப்பிள் எம்1 சிப் வந்தபோது உலகம் வியந்ததற்கு அதன் வேகம் ஒரு காரணம், அவ்வளவு வேகத்தையும் மிகக் குறைந்த மின்சாரத்தில் கொடுத்தது அதைவிடப் பெரிய காரணம். செல்பேசியில் இருக்கும் ஆர்ம் கட்டமைப்பைக் கணினிக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டுக்காரருக்குப் புதிய கட்டமைப்பு தந்த பரிசுகளில் இதை நான் முதலிடத்தில் வைப்பேன்.

வீட்டிலிருந்தே கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கும் இளைஞர்கள் நம் ஊரில் ஏராளம். கடற்கரைச் சாலையில் விடிகாலையில் எடுக்கும் படங்களெல்லாம் அவர்கள் வீட்டு மேசைக்குத்தான் வருகின்றன. 4கே வீடியோவை ரெண்டர் செய்வது தேர் இழுக்கும் வேலை. எட்டு கோரும் உழைக்கும், கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து உழைக்கும், இரவு முழுக்க ஓடியது சாப்பிட்டு முடிப்பதற்குள் முடியும். அவர்களுக்குப் புதிய கணினி ஒரு தொழில் முதலீடு, யோசிக்காமல் வாங்கலாம். பொறியியல் கல்லூரியில் முப்பரிமாண வரைபடம் போடும் மாணவருக்கும், கட்டடக்கலை படிப்பவருக்கும் அப்படியே. பி.காம்., பி.ஏ. படிக்கும் பிள்ளைக்கு அது வேண்டியதில்லை. 8 அல்லது 16 ஜி.பி. ரேம், ஒரு எஸ்.எஸ்.டி., கண்ணுக்கு உறுத்தாத நல்ல திரை இவை இருக்கும் மத்திம விலை லேப்டாப் படிப்பு முடியும்வரை தாங்கும்.

எனக்குப் பிடித்த ஒரு பயனைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஓப்பன் ஏ.ஐ. நிறுவனம் 2022 செப்டம்பரில் விஸ்பர் என்ற மென்பொருளை எல்லோருக்கும் திறந்துவிட்டது. பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் அந்த மென்பொருளுக்குத் தமிழும் தெரியும், இணையம் இல்லாமல் வீட்டுக் கணினியிலேயே ஓடும். பாட்டியின் பேச்சை ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கே உண்டு; சைகோன் போய் வந்த தாத்தாவின் நினைவுகள், 1954 நவம்பரில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய நாட்களின் கதைகள். பழைய கணினி அந்த ஒலியை எழுத்தாக்கப் பல மணி நேரம் முக்கும். நல்ல கிராபிக்ஸ் சிப் இருந்தால் சில நிமிடம். பிழைகள் வரும், உட்கார்ந்து திருத்த வேண்டும். ஆனாலும் வேகமான வன்பொருளை ஒரு வீடு இதைவிட நல்ல காரியத்துக்குப் பயன்படுத்த முடியுமா என்று தெரியவில்லை.

கட்டமைப்பு மாற்றத்தில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. புதிது என்பதாலேயே நல்லது ஆகிவிடாது. 2001-ல் இன்டெல்லும் எச்.பி.யும் இட்டானியம் என்ற அடியோடு புதிய கட்டமைப்பைக் கொண்டுவந்தன. இருந்த மென்பொருள்கள் அதில் சரியாக ஓடவில்லை. 2003-ல் ஏ.எம்.டி., பழைய கட்டமைப்பையே 64 பிட்டுக்கு நீட்டி, பழைய மென்பொருள்களும் ஓடும்படி செய்தது. இன்று நம் வீட்டு விண்டோஸ் கணினிகளில் பெரும்பாலும் இருப்பது அந்த வழியில் வந்ததுதான். இப்போது விண்டோஸிலும் ஆர்ம் லேப்டாப்புகள் வந்திருக்கின்றன. பேட்டரி அருமையாக நிற்கிறது. ஆனால் உங்கள் பழைய பிரிண்டருக்கும், ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கும் ஆர்ம் டிரைவர் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வாங்காதீர்கள். சாதாரண மென்பொருளை எப்படியாவது மொழிபெயர்த்து ஓட்டிவிடும்; டிரைவரை அப்படி ஓட்ட அதனால் முடியாது.

ஏ.ஐ. லேப்டாப் விஷயத்துக்கு வருகிறேன். 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அறிவித்த வகைக் கணினிகளில் செயற்கை நுண்ணறிவுக்கென்று தனிச் சிப் பகுதி இருக்கிறது. ஆனால் இன்று நம் பிள்ளைகள் பயன்படுத்தும் ஏ.ஐ. அநேகமாக எல்லாம் பிரவுசர் வழியாக எங்கோ இருக்கும் சர்வரிலிருந்து வருகிறது. 2017-ல் கூகுள் தமிழில் குரல்வழித் தட்டச்சைக் கொண்டுவந்தபோதும் கணக்கைப் போட்டது தொலைவில் இருந்த சர்வர்தான், நம் கையிலிருந்த கருவி அல்ல. அந்த வேகத்தின் பலன் மூவாயிரம் ரூபாய்ப் பழைய போனுக்கும் கிடைத்தது. அப்படிப்பட்ட சர்வர்களை நம் ஊரிலேயே செய்யப்போகிறார்கள் என்பதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும்: ஆண்டுக்கு 50,000 ஏ.ஐ. சர்வர்களைப் புதுச்சேரி ஆலையில் தயாரிக்கப்போவதாக லெனோவா 2024 செப்டம்பரில் அறிவித்தது. ஆகவே, மாணவருக்கு வாங்கும்போது ஏ.ஐ. முத்திரைக்காகவே கூடுதலாகப் பணம் கொடுக்க இப்போதைக்கு நான் சொல்ல மாட்டேன்.

தலைமையாசிரியை அம்மாவின் லேப்டாப்புக்குத் திரும்புவோம். அதைக் கடைக்காரர் பழசு என்று சொன்னதற்கு வேகத்தைத் தவிர இன்னொரு காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமானால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசசர், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சிப் இரண்டும் வேண்டும். எட்டாம் தலைமுறை வந்ததே 2017-ல்தான். விண்டோஸ் 11 வந்தது 2021 அக்டோபர். 2017 தொடக்கத்தில் கணினி வாங்கியவர் ஐந்து ஆண்டுகூட ஆகாத நிலையில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினியோடு வெளியே நிறுத்தப்பட்டார். பாதுகாப்புக்காகத்தான் என்று சொல்லப்பட்டது, அந்தச் சிப்பால் பாதுகாப்புக் கூடுகிறது என்பதும் மெய். ஆனால் இப்படி லட்சக்கணக்கான நல்ல கணினிகளைக் குப்பைக்குத் தள்ளுவது எனக்கு வேதனையாக இருக்கிறது. ஒரு லேப்டாப் தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரியமில வாயுவில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே வெளியாகிவிடுகிறது. ஓட்டும்போது ஆகும் மின்சாரம் அதற்குப் பிறகுதான்.

நமக்குப் பழக்கமான பிரான்ஸ் இதை எப்படிக் கையாள்கிறது என்று பாருங்கள். 2021 ஜனவரி முதல் அங்கே லேப்டாப் விற்கும்போது, பழுது பார்க்க எவ்வளவு வசதியானது என்று பத்துக்கு இத்தனை மதிப்பெண் எனக் காட்டியே ஆக வேண்டும். அங்கிருந்து வரும் சொந்தக்காரர்கள் லேப்டாப் கொண்டுவந்தால் கீபோர்டில் ‘கியூ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஏ’ இருக்கும், எண்களை அடிக்க ஷிஃப்ட்டை அழுத்த வேண்டியிருக்கும்; அந்தத் தொல்லை நம் வீடுகளுக்குப் பழகியதுதான். அடுத்த முறை அவர்களிடம் அந்த மதிப்பெண் எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். பிரெஞ்சு ஜான்டார்ம் காவல்படை 2008 முதல் பல்லாயிரம் கணினிகளில் விண்டோஸை எடுத்துவிட்டு, கட்டற்ற இயங்குதளமான உபுண்டு லினக்ஸைப் போட்டது.  பக்கத்தில் கேரளத்தின் அரசுப் பள்ளிகளும் நெடுங்காலமாக லினக்ஸில் பாடம் நடத்துகின்றன. இந்திய அரசும் பழுதுபார்ப்பு மதிப்பெண் முறையை ஆராய 2024-ல் குழு அமைத்தது. அது லேப்டாப்புக்கும் சட்டமாக வர வேண்டும். கணினி செய்யும் ஊரின் மக்களவை உறுப்பினரும் சட்டமன்ற உறுப்பினர்களும் அதற்காகக் குரல் கொடுக்க வேண்டும்.

ஆகவே அம்மா, உங்களுக்கு என் பதில் இதுதான். புதியது வாங்க வேண்டாம். எஸ்.எஸ்.டி. போடுங்கள், ரேமை 8 ஆக்குங்கள், விசிறியைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். 2025 இறுதியில் ஏ.ஐ. சர்வர்களுக்கான தேவையால் மெமரி விலை ஏறத் தொடங்கியது. இருந்தாலும் மொத்தச் செலவு புது லேப்டாப்பின் விலையில் ஒரு சிறு பங்குக்குள் அடங்கும். பிறகு லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவைப் போடச் சொல்லுங்கள். மகளோடு பேசலாம், கச்சேரி கேட்கலாம், தமிழ்99 விசைப்பலகையில் தடையின்றி எழுதலாம். புதுச்சேரியிலும் விழுப்புரத்திலும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். கேட்டால் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். விண்டோஸ்தான் வேண்டும் என்றால், 2026 அக்டோபர் 13 வரை வீட்டுக் கணினிகளுக்குக் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது, அதற்குப் பதிவு செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு அந்தக் கணினியில் வங்கி வேலை மட்டும் செய்யாதீர்கள்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்கள் வீட்டுக் கணினியில் அந்த மூன்று விசைகளை அழுத்திப் பாருங்கள். சி.பி.யு., மெமரி, டிஸ்க் மூன்றில் எது நிரம்பி நிற்கிறது என்று எங்களுக்கு எழுதுங்கள், எந்த ஆண்டு வாங்கியது, என்ன வேலைக்குப் பயன்படுகிறது என்பதையும் சேர்த்து. பரணில் சும்மா கிடக்கும் லேப்டாப் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் எடைக்குப் போடுவதற்கு முன் எங்களிடம் சொன்னால், பழுது பார்க்கத் தெரிந்தவர்களையும் கணினி இல்லாத பிள்ளைகளையும் உங்களோடு சேர்த்துவைப்பது எங்கள் பொறுப்பு.

அன்புடன்,
ஆசிரியர்